பன்வர்லால் செஞ்ச புளியங்கட்டில்

நாலுவழிச் சாலை வருதுன்னு எங்க ஊரு ஆவரங்கோட்டையில இருந்து மேலப்பொட்டல் வரைக்கும் ரோட்டோரத்துல நின்ன மரத்தையெல்லாம் வெட்டிச் சாய்ச்ச கோடையில, மதுரையில ஏதோ ஒரு நகைக்கடைக்கு உள்வேலை பாக்கக் கும்பலா வந்த ராஜஸ்தான் ஆசாரிங்கள்ல ஒருத்தன், வேலை முடிஞ்சு மத்தவங்கல்லாம் ஊருக்கு ரயிலேறின பிறகு, தென்காசிப் பக்கம் ஒரு பங்களாவுக்கு அலமாரி வேணுமாம்னு யாரோ சொன்னதைக் கேட்டு பஸ்ஸேறி, வழியில எங்க ஊருல டீ குடிக்க இறங்கினவன், டீ ஆறி ஆடை கட்டுற வரைக்கும் ரோட்டோரத்துல அடுக்கிக் கிடந்த மரத்தையே பாத்துக்கிட்டு நின்னு, பஸ்ஸை விட்டுட்டான். அவன் பேரு பன்வர்லால்.

"இது எல்லாம் எங்க போகுது?"ன்னு டீக்கடையில கேட்டான்.

"செங்கச் சூளைக்கு."

"எரிக்கவா?"

"பின்ன, கும்பிடவா?"

அவன் போயி அந்த அடுக்கு மேல ஏறி உக்காந்துட்டான். லாரிக்காரன் வந்து லோடு ஏத்தணும், எந்திரின்னு சொன்னதுக்கும் எந்திரிக்கல. வேம்பு, வாகை, பூவரசு, மருது, புளின்னு ஒவ்வொண்ணையும் உள்ளங்கையால தட்டிப் பாத்து, மாட்டுத் தரகன் மாதிரி வாய்க்குள்ளயே என்னமோ பேசிக்கிட்டு இருந்தவன், கடைசியில நான் வேலை பாக்குற மர அறுவை மில்லுக்கு வந்து எங்க முதலாளிகிட்ட, "இந்த மரம் எல்லாம் நீ வாங்கு. பின்னாடி கொட்டகை எனக்குக் குடு. நான் சாமான் செய்றேன்"ன்னான். அவன் கத்துக்கிட்ட தமிழ்ல 'நீங்க' கிடையாது. கலெக்டருக்கும் நீ, கன்னுக்குட்டிக்கும் நீ. எங்க முதலாளியை அதுக்கு முன்னாடி யாரும் நீன்னு சொன்னது இல்லாததால, அந்த அதிர்ச்சியிலயே அவரு சரின்னுட்டாரு.

வடக்க இருந்து வந்தவன் எவனா இருந்தாலும் எங்க ஊருக்கு அவன் சேட்டுதான், வட்டிக்கடை வச்சிருந்தாலும் சரி, வாய்க்குக் கஞ்சி இல்லாட்டாலும் சரி. "நான் சேட்டு இல்ல, சுதார். ஆசாரி"ன்னு அவனும் சொல்லிப் பாத்தான். "சரி சேட்டு"ன்னாங்க.

ப்ளைவுட்டைக் கொண்டு வந்து ஒருத்தரு பீரோ செஞ்சு குடுன்னு கேட்டப்ப, "இது மரம் இல்ல, அப்பளம்"னு திருப்பி அனுப்பினான். தேக்கு இல்லையான்னு கேட்டவங்ககிட்ட, "தேக்கு எல்லா ஊர்லயும் இருக்கு. இது உன் ஊர் மரம். உன் ஊர் தண்ணி குடிச்ச மரம்"னான். எங்களுக்கே தண்ணி இல்லாதப்ப இதுக எங்க போயி குடிச்சுதுன்னு அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்லல. நாற்காலி கேட்டு வர்றவனை மொதல்ல வாசல்ல கொட்டிக் கிடக்குற மணல்ல உக்காரச் சொல்லுவான். எந்திரிச்ச பிறகு அந்தக் குழியை அளப்பான். ஊருல முக்கால்வாசிப் பேரோட பின்பக்கக் கணக்கு அவன் மனசுல இருந்துச்சுன்னு சொன்னா அது மிகை இல்ல.

மொதல் சாமான் ஒரு வேப்பமர ஸ்டூல். ஆட்டோ ஸ்டாண்டு ஜேசுராஜுக்குச் செஞ்சது. ஆணி கிடையாது, கழுந்தும் துளையுமா ஒண்ணுக்குள்ள ஒண்ணு இறங்கி நிக்கும். ஜேசுராஜ் அதை உச்சி வெயில்ல கொண்டு போயி ஸ்டாண்டுல போட்டான், போட்டதும் ஸ்டூலைச் சுத்தி ஒரு முழு வேப்பமரத்து நிழல் விழுந்துச்சு, கிளை கிளையா, இலை இலையா, காத்துக்கு லேசா ஆடிக்கிட்டு, ஒரு கிளையில காக்காக் கூட்டோட நிழலும் சேத்து. ஜேசுராஜ் ஒரு தடவை மேல பாத்தான். மேல ஒண்ணும் இல்ல. ஒரு தடவை கீழ பாத்தான். பிறகு ஆட்டோவை உருட்டி நிழலுக்குள்ள விட்டுட்டு, "ஏ, வெயில்ல நிக்காதீங்கடா"ன்னு மத்தவங்களைக் கூப்பிட்டான்.

பன்வர்லால்கிட்ட போயி கேட்டதுக்கு, "நிழல் நான் செய்யல. நான் ஸ்டூல் மட்டும்தான் செஞ்சேன்"ன்னு சொல்லிட்டு இழைக்கப் போயிட்டான். அதுக்கு மேல அதைப் பத்தி அவனும் பேசல, நாங்களும் கேக்கல. அந்தக் கோடையில நிழல் எங்க இருந்து வருதுன்னு விசாரிக்கிற நிலமையில யாரும் இல்ல.

விசாரிக்க வேற விஷயம் நிறைய இருந்துச்சு. ஜேசுராஜோட ஸ்டூல் ஸ்டாண்டுல கிடந்தாலும், சாயங்காலம் ஆனா அதோட நிழல் ரோட்டைத் தாண்டிப் போயி இஸ்திரி போடுற மாரிச்சாமி வாசல்ல விழுந்துச்சு, அப்ப அந்த நிழல் யாரோடது? மாரிச்சாமி தன்னோடதுன்னான். ஸ்டூலை எடுத்து உள்ள வச்சா உன்னோடது எங்க இருக்கும்னு பாப்பமான்னு ஜேசுராஜ் கேட்டான். ஊர்க் கூட்டம் போட்டுப் பேசி, வைக்கிற சாமானுக்கு உரிமை வச்சவனுக்கு, விழுற நிழலுக்கு உரிமை விழுந்த இடத்துக்காரனுக்குன்னு முடிவாச்சு. மிளகா வத்தல் காயப்போடுற வீட்டுக்கு அக்கம்பக்கத்துல யாரும் காலையில நாற்காலியை வெளிய எடுக்கக் கூடாதுன்னு பொம்பளையாளுக தனியா ஒரு சட்டம் போட்டு, அதை எந்தக் கூட்டத்துலயும் சொல்லாமயே அமல்படுத்துனாங்க. துட்டி வீட்டுக்கு பந்தக்காரனைத் தேடுறதை விட்டுட்டு வாத்தியாரு வீட்டு வாகை மேசையை இரவல் கேக்க ஆரம்பிச்சாங்க, வாத்தியாரும் தூக்கிட்டுப் போங்கன்னு சொல்லிட்டு, சாவு எப்ப எடுப்பாங்கன்னு மட்டும் விசாரிச்சுக்கிட்டாரு, பரீட்சைப் பேப்பர் திருத்தணும்ல. ரேஷன் கடை வரிசைக்கு பூவரசு பெஞ்சு வந்துச்சு. ஆடுக நிழலுக்கு வந்து, நிழல்ல எட்டிக் கடிச்சுப் பாத்துட்டு, எங்களை ஒரு மாதிரியா பாத்துச்சுக. காக்காதான் ரொம்ப சிரமப்பட்டுச்சு. நிழலை நம்பி இறங்கி வந்து உக்கார இடமில்லாம சுத்திச் சுத்தி, கடைசியில ஸ்டூல் மேலயே உக்காந்து, மரத்து உச்சியில உக்காந்த மாதிரியே மூஞ்சிய வச்சுக்கப் பழகிடுச்சு. மறு பங்குனியில வேம்பு இலை உதுத்த மாதிரி நிழலு மெலிஞ்சு, வெறும் குச்சி குச்சியா கிடந்துச்சு. ஸ்டூல்ல கோளாறுன்னு ஜேசுராஜ் சண்டைக்குப் போனான். "வேம்பு பங்குனியில வேற என்ன செய்யும்?"னு பன்வர்லால் கேட்டான். சித்திரை பொறந்ததும் தளிர் வந்துச்சு.

ரோடு ஆபீஸ்ல இருந்து ஒரு தடவை ஜீப்புல வந்து, வெட்டின இடத்துல திரும்ப மரம் வச்சிருக்கிறதா புகார்னாங்க. சுத்திப் பாத்து மரம் எதுவும் இல்லைன்னு அவங்களே எழுதிக்கிட்டு, பெஞ்சு நிழல்ல உக்காந்து சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சு சாப்பிட்டுட்டுப் போனாங்க.

இப்படி எல்லா மரமும் ஆளுக்கொரு சாமானா வீட்டுக்கும் தெருவுக்கும் போய்ச் சேந்த பிறகு, கொட்டகையில புளி மட்டும் கிடந்துச்சு. புளியங்கட்டை கறிக்கடைக்காரனுக்கு ஆகும், ஆசாரி உளியைத் தட்டுற கொட்டாப்புளிக்கு ஆகும். வீட்டுக்குள்ள எவனும் விட மாட்டான். அதுலயும் இது சாதாரணப் புளி இல்ல. ரோடு பிரியுற வடக்கு விலக்குல நின்ன பெரிய புளி. சுத்துப்பட்டு ஊருல யாருக்குப் பேய் புடிச்சாலும் கோடாங்கி அங்கதான் கூட்டிட்டு வந்து, உச்சி முடியைப் பிடுங்கி அந்த மரத்துல வச்சு ஆணி அடிச்சு பேயைக் கட்டிப்போடுவான். அறுக்குறப்ப அந்த ஆணியில பட்டு எங்க மில் ரம்பத்துல பல்லு தெறிச்சது எனக்குத்தான் தெரியும்.

அந்த மரத்துக்குக் கீழதான் அன்னபாக்கியம் கம்பங்கூழ் வித்தா. புருஷன் செத்த வருஷம் பானையை இறக்கி வச்சவ, பேய் பயத்துல எவனும் அந்த இடத்துக்குப் போட்டிக்கு வரல, பஸ்ஸுக்கு நிக்கிறவன் பயந்துக்கிட்டே குடிச்சான். மரம் போன பிறகு வெயில்ல குடையை நட்டு வச்சு வித்துக்கிட்டு இருந்தா. அவ மக சங்கரேஸ்வரிக்கு மேலப்பொட்டல்ல மாப்பிள்ளை அமைஞ்சிருந்துச்சு. கட்டில் கேட்டாங்க. அன்னபாக்கியம் கொட்டகைக்கு வந்தா.

"சேட்டு, வாகையில ஒரு கட்டில் செய்யி."

"வாகை முடிஞ்சுது அக்கா. புளி இருக்கு. எல்லாத்தையும் விட நல்ல மரம் அதுதான். உள்ள பாரு."

அவன் ஒரு பலகையை இழைச்சுக் காட்டினான். உள்வைரம் ஈட்டி மரம் மாதிரி கருஞ்சிவப்பா, பட்டுச்சேலை மடிப்பு மாதிரி ரேகை ஓடிச்சு. அன்னபாக்கியம் தடவிப் பாத்துக்கிட்டே ரொம்ப நேரம் நின்னா.

"என் மரந்தான். ஆனா புளியங்கட்டில்னு தெரிஞ்சா சம்பந்தமே நின்னு போகும் சேட்டு. வெயில் படாம கொண்டு போயி அவுக வீட்டுக்குள்ள இறக்கிட்டா ஈட்டின்னு நெனச்சுக்குவாக. சம்மதம்னா செய்யி."

அவன் சரின்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. ஒவ்வொரு ஆணியா புடுங்கி, சிக்கியிருந்த முடியோட ஒரு டின்னுல போட்டு, பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் குடுத்துட்டு, கட்டிலைச் செய்ய ஆரம்பிச்சான். பொண்ணை மணல்ல படுக்கச் சொல்ல முடியாதுன்னு அவனுக்கே தெரிஞ்சிருந்துச்சு. "உன் பொண்ணு சுருண்டு படுக்குமா, நீட்டிப் படுக்குமா?"ன்னு மட்டும் கேட்டான். "எட்டி உதைப்பா"ன்னா அன்னபாக்கியம். கட்டிலை அகலமா செஞ்சான்.

பொண்ணழைப்பு வெள்ளிக்கிழமை. விடியக்காலமே வந்து சீரைப் பாத்துட்டு பொண்ணையும் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு பேச்சு. வெயில் ஏறுறதுக்குள்ள முடிஞ்சிடும், இருந்தாலும் இருக்கட்டும்னு கட்டிலை தார்ப்பாயால மூடி தெருவுல வச்சிருந்தோம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எந்த ஊருல சொன்ன நேரத்துக்கு வந்திருக்காங்க? அவங்க வந்து இறங்கினப்ப பத்தரை. பத்தரையில இருந்து ராகுகாலம். ராகுகாலத்துல சீர் பாக்கக் கூடாதுன்னு மாப்பிள்ளையோட தாய்மாமன் வெள்ளைத்துரை சொல்லிட்டாரு. பன்னெண்டு மணிக்கு உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும்போது மீசையைத் தடவிக்கிட்டு எந்திரிச்சு, "ம், பாப்பம்"னாரு.

மாப்பிள்ளை பொண்ணழைப்புக்கு வரக் கூடாது. ஆனா சீர் ஏத்துற குட்டியானை வண்டிக்கு டிரைவர் வந்தாகணும். ரெண்டும் ஒரே ஆளு, தவசி. அதனால அவன் வந்ததா யாரும் கணக்குல எடுத்துக்கல. வண்டிக்குள்ளயே உக்காந்து தூக்கத்தோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தான். ராத்திரி பூரா தக்காளி லோடு ஓட்டியிருந்தான்.

"பித்தளை, எவர்சில்வர் எல்லாம் சரி. அந்த மூடி வச்சிருக்கது என்ன?"ன்னாரு வெள்ளைத்துரை.

"கட்டிலுங்க. தூசி படக் கூடாதுன்னு..."ன்னு அன்னபாக்கியம் இழுத்தா.

அப்ப பன்வர்லால் நேரா வந்தான், யாரும் புடிக்கிறதுக்கு முன்னாடி தார்ப்பாயை உருவிட்டான்.

தெருவுல அந்தக் கோடி முதல் இந்தக் கோடி வரைக்கும் நிழல் விழுந்துச்சு. வடக்கு விலக்குப் புளி. எல்லாருக்கும் தெரிஞ்ச அந்தக் கோணக் கிளை, லாரி மோதி ஒடிஞ்ச மொட்டை, பொடிப் பொடியா சல்லடை மாதிரி இலை. வெயில் படக்குன்னு அணைஞ்ச மாதிரி தெரு குளுந்து போச்சு.

"பாவி! என் மக வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டியே சேட்டு!"ன்னு அன்னபாக்கியம் அவன் சட்டையைப் புடிச்சா.

"நாளைக்கு அங்க வெயில் இல்லையா அக்கா? எப்பவாவது ஒருநாள் வாசல்ல போட மாட்டாங்களா? அன்னைக்கு உன் பொண்ணு தனியா நிக்கும். இன்னைக்கு நீ இருக்க, நான் இருக்கேன். இங்கயே தெரியட்டும்"ன்னான் பன்வர்லால். "நான் செஞ்ச கட்டில் திருட்டுச் சாமான் இல்ல, மூடி அனுப்ப."

வெள்ளைத்துரை நிழலைப் பாத்ததும் நாலு எட்டு பின்னால போயி வெயில்ல நின்னுக்கிட்டு கத்துனாரு. "கட்டில் கேட்டா கறிக்கட்டையைக் குடுக்கியா? இந்தா, கூழ்க்காரம்மா, எங்க வீட்டுப் பையன் பேய்மரத்து நிழல்ல படுக்கணுமா? சம்பந்தம் வேண்டாம். ஒருத்தரும் கை நனைக்கக் கூடாது, ஏறுங்க வண்டியில!"

கூட வந்த பொம்பளையாளுக ஏறல. நிழலை ஓரக்கண்ணால பாத்துக்கிட்டு, பேசித்தான் முடிப்பமேன்னு ஒவ்வொருத்தரா உள்ள வந்து நின்னாங்க. வெயில்ல நின்னு சண்டை போட எவ்வளவு நேரம் முடியும்?

வீட்டுக்குள்ள இருந்து சங்கரேஸ்வரி வெளிய வந்தா. பட்டுச்சேலையில நேரா நிழலுக்குள்ள நடந்து வந்து, தரையில அந்தக் கோணக் கிளை விழுந்த இடத்துல காலை வச்சா.

"எங்கம்மா கூழ் விக்கும்போது எனக்குத் தொட்டில் கட்டினது இந்தக் கிளையிலதான். நான் படுத்து வளந்ததே இந்த நிழல்லதான். என்னைப் புடிக்காத பேயி இனி யாரையும் புடிக்கப் போறதில்ல. கட்டில் ஆகாதுன்னா நானும் ஆகாது, சேத்தே சொல்லிட்டுப் போங்க."

"புள்ளைக்கு வாயைப் பாரு"ன்னு ஒரு பொம்பளை சொன்னா. பாராட்டா, குறையான்னு தெரியல.

குட்டியானையில இருந்து தவசி இறங்கினான். பொண்ணை ஒரு பார்வை பாத்தான், மாமனை ஒரு பார்வை பாத்தான். "படுத்துப் பாத்தா தெரிஞ்சிடப் போகுது"ன்னு சொல்லிட்டு செருப்பைக் கழட்டி வச்சுட்டு கட்டில்ல ஏறிப் படுத்துட்டான்.

"ஏலே, கல்யாணத்துக்கு முன்னாடி கட்டில்ல படுக்கியே, வெக்கங்கெட்டவனே!"

வெள்ளைத்துரை சொல்லி முடிக்கிறதுக்குள்ள தவசி குறட்டை விட்டான்.

பேய்மரத்து நிழல்ல தூங்குறவனைத் தட்டி எழுப்பக் கூடாது, தானா முழிக்கணும்னு ரெண்டு ஊருக்கும் ஒரே சாஸ்திரம். முழிச்சா பேசுறது அவனா, வேற யாருமான்னு பாக்கணும். அதனால எல்லாரும் காத்திருந்தோம். சங்கரேஸ்வரி கட்டில் கால் பக்கத்துல உக்காந்து, அவன் மூச்சு ஏறி இறங்குறதையே பாத்தா. அவன் தூக்கத்துல முனகினப்பல்லாம் அன்னபாக்கியம் மாரியாத்தாளைக் கூப்பிட்டா. பானை நிறைய கூழ் இருந்துச்சு, மோர் மிளகா இருந்துச்சு. முடிவு தெரியாம கை நனைக்கக் கூடாதுன்னு சம்பந்திக கூட்டம் பானையைப் பாக்காம இருக்க ரொம்பப் பாடுபட்டுச்சு.

வெள்ளைத்துரை தலையில துண்டைப் போட்டு, அப்புறம் துண்டு நனைஞ்சு, அப்புறம் செருப்பு கொதிச்சு, கடைசியில நிழலோட ஓரத்துல ஒரு காலை மட்டும் வச்சாரு. பன்வர்லால் அந்தப் பக்கமா ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டான். "நீ உக்காரு. உக்காந்து திட்டு."

அவரு உக்காந்தாரு. பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்துல நின்ன எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டு, "ஏம்ப்பா, அந்த மரத்துல ஆணி இருந்துச்சே..."ன்னாரு.

"இருந்துச்சு. நிறைய. எல்லாத்துலயும் முடி."

"சுருட்டை முடி ஏதாச்சும்..."

பன்வர்லால் அவரு தலையைப் பாத்தான். வழுக்கையைச் சுத்தி இருந்த கொஞ்சமும் சுருட்டைதான். "ஒண்ணு சுருட்டை. உன்னோடதா?"

"வாலிபத்துல... ஒரு நாள் ராத்திரி சினிமா பாத்துட்டு வரும்போது. சத்தமா பேசாதப்பா. அந்த ஆணி எங்க?"

"பழைய இரும்புக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்."

"அய்யோ. அப்ப அதுல கட்டுனது?"

"அவன் நல்லாத்தான் இருக்கான். நேத்துகூட வந்தான். பேரீச்சம்பழம் குடுத்தான்."

சூரியன் சாய நிழல் கிழக்க நகந்துச்சு. பெரியவங்களும் உக்காந்த வாக்குலயே நிழலோட சேந்து நகந்தாங்க, அவரும் முக்காலியோட நகந்தாரு. கட்டில் கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்குள்ள போச்சு. வெயில் தவசியோட மூஞ்சிக்கு வந்ததும் அவன் புரண்டான், முனகினான், கண்ணைத் திறந்தான். எல்லா மூஞ்சியும் அவன் மேல குனிஞ்சுச்சு.

"ஏலே, நான் யாரு?"ன்னாரு வெள்ளைத்துரை.

தவசி கண்ணைக் கசக்கிக்கிட்டு அவரையே பாத்தான். "வெள்ளைத்துரை மாமா. என்ன மாமா, உங்களுக்கே மறந்து போச்சா?"

அன்னபாக்கியம் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. தவசி எந்திரிச்சு உக்காந்து சோம்பல் முறிச்சான். "கட்டில் நல்லாயிருக்கு. அகலம். அத்தே, கூழு இருக்கா?"

ரெண்டு கையாலயும் சொம்பை வாங்கி மடமடன்னு குடிச்சு, மிளகாயைக் கடிச்சு, விரலை நக்கினான். மாப்பிள்ளையே கை நனைச்ச பிறகு மத்தவங்களுக்கு என்ன? பானை காலியாகுறதுக்கு ரொம்ப நேரம் ஆகல.

கட்டிலைக் குட்டியானையில ஏத்தினாங்க. மறுபடி தார்ப்பாயைப் போடவான்னு கேட்டதுக்கு, அன்னபாக்கியம் அதை வாங்கி மடிச்சு உள்ள வச்சுட்டா. கட்டில் திறந்த வாக்குல, அதுல வெள்ளைத்துரை ஒருக்களிச்சு உக்காந்து, சங்கரேஸ்வரி மாமன் பொறுப்புல முன்சீட்டுல, தவசி ஓட்ட, வண்டி மேலப்பொட்டலைப் பாத்துக் கிளம்புச்சு. மேற்க போற வண்டி, சாயுற வெயில். நிழல் வண்டிக்குப் பின்னால நீளமா விழுந்துச்சு. பொண்ணு வீட்டுக்காரங்களுக்குப் பேசி வச்சிருந்த வேன்ல யாரும் ஏறல. எல்லாரும் நிழலுக்குள்ள இறங்கி நடந்தோம், சீர்த்தட்டோட, சின்னப் பிள்ளைகளோட, ஆடு ரெண்டு மூணு கேக்காமயே சேந்துக்கிட்டதோட, பன்வர்லால் கட்டில் ஆட்டம் காணுதான்னு பாத்துக்கிட்டே நடுவுல. ஒரு மரங்கூட இல்லாத அந்த நாலுவழிச் சாலையில, வெட்டின மரத்தோட தூரெல்லாம் ஓரத்துல வரிசையா கிடக்க, அது ஒவ்வொண்ணு மேலயும் ஏறி இறங்கி புளியமரம் நடந்து போச்சு. எதிர்ல வந்த பஸ்ஸெல்லாம் நிழலுக்குள்ள நுழைஞ்சு வெளிய போறப்ப டிரைவருங்க தன்னால வேகத்தைக் குறைச்சாங்க. வழியில பஸ்ஸுக்கு நின்னு தலைக்கு மேல கையை வச்சிருந்தவங்க, கையை இறக்கி, மேல பாத்துட்டு, எங்களைப் பாத்துட்டு, கொஞ்ச தூரம் கூட வந்தாங்க.

அன்னபாக்கியத்தால வேகமா நடக்க முடியல. காலையில இருந்து அவ ஒரு வாய் தண்ணி குடிக்கல. கூட்டம் முன்னால போக, அவ பிந்தி, நிழலோட வால் நுனி அவ காலை விட்டு நழுவிக்கிட்டே இருந்துச்சு.

கட்டில் மேல இருந்து வெள்ளைத்துரை வண்டிக் கூரையைத் தட்டினாரு.

"மாப்ளே, மெதுவாப் போ. சம்பந்தியம்மா வெயில்ல வாராங்க."